மாய ராஜ்ஜியம் ஏன் சலித்துப்போனது?

சியாட்டில் நகரில் விடியற்காலை மணி 3:50. தெருவில் ஆள் அரவம் இல்லை. ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் மட்டும் விளக்கு எரிகிறது. மேசைமேல் ஒரு மடிக்கணினி, இரண்டு செல்போன்கள், கையால் எழுதி அடித்துத் திருத்திய ஒரு பட்டியல், பாதி குடித்து ஆறிப்போன காபி. நான்கு மணி ஆனதும் கணவர் ஒரு போனிலும் மனைவி இன்னொரு போனிலும் ஒரே நேரத்தில் பொத்தானைத் தட்ட வேண்டும். இங்கே நான்கு மணி என்றால் அமெரிக்காவின் அந்தக் கோடியில், ஃப்ளோரிடாவில், காலை ஏழு. அடுத்த வாரம் அவர்கள் போகப்போகும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் எந்தச் சவாரியில் எத்தனை மணிக்கு ஏறலாம் என்ற முன்பதிவு அப்போதுதான் திறக்கிறது. பத்து நிமிடம் தூங்கிவிட்டால் குழந்தை மாதக்கணக்கில் ஆசைப்பட்ட சவாரிக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் இடம் கிடைக்கும். அல்லது கிடைக்காமலே போகும்.

தட்கல் டிக்கெட்டுக்காகக் காலை பத்து மணிக்குக் கணினி முன்னால் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தட்கலில் ஒருமுறை டிக்கெட் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அது ஆரம்பம்தான்.

உள்ளறையில் ஊரிலிருந்து வந்த தாத்தாவும் பாட்டியும் தூங்குகிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர்களுக்கு நயாகரா, நியூயார்க், டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோ என்று ஒரு சுற்று ஏறக்குறைய சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பாட்டிக்கு முழங்கால் வலி. எந்த ராட்டினத்திலும் ஏற மாட்டார். பேரப்பிள்ளைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவருக்கும் முழுக் கட்டணம்தான். டிஸ்னி வேர்ல்டில் முதியோருக்கென்று சலுகை விலை கிடையாது. பத்து வயது நிறைந்த குழந்தைக்கும் அங்கே பெரியவர் கட்டணம்.

நிழலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். இந்தக் கதையே அப்படி உட்கார்ந்திருந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கிரிஃபித் பார்க் என்றொரு பெரிய பூங்கா. அங்கே குதிரைகள் சுற்றும் பழைய ராட்டினம் ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி தன் மகள்கள் டயானையும் ஷாரனையும் வாராவாரம் அங்கே கூட்டிப்போவார். பிள்ளைகள் குதிரைமேல் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் பிறந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த பெஞ்சுகளில் ஒன்றை இன்றும் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

1951-ல் அவர் டென்மார்க் போனார். கோபன்ஹேகன் நகரின் நடுவில் 1843 முதல் இருக்கும் டிவோலி தோட்டத்தைச் சுற்றிப்பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார். சுத்தமான பாதைகள், பூச்செடிகள், விளக்குகள், குடும்பத்தோடு உலாவும் மக்கள். அன்றைய அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவற்றின் அழுக்கையும் முரட்டுத்தனத்தையும் பார்த்திருந்தவருக்கு டிவோலி வேறொரு வழியைக் காட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1955 ஜூலை 17 அன்று, அனஹைமில் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக் கட்டிய டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது.

முதல் நாள் பெரிய ரகளை. கள்ள அழைப்பிதழ்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் குடிநீர்க் குழாயா கழிப்பறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அந்த அமளியையும் மீறி மக்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 12 டாலர்.

அந்தக் காலத்தில் எல்லாமே மலிவாக இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. நுழைவுக்கு ஒரு டாலர் போக, ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். 1955 அக்டோபரில் ஏ, பி, சி என்று சீட்டுப் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு டி, 1959-ல் ஈ. குழந்தைகளின் குதிரை ராட்டினம் போன்ற சாதுவானவற்றுக்கு ஏ சீட்டு. மிகப் புதிய, மிகப் பரபரப்பான சவாரிகளுக்கு ஈ. இந்த ‘ஈ டிக்கெட்’ அமெரிக்கப் பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டது. 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், ராக்கெட்டில் மேலேறிய அனுபவத்தை ஈ டிக்கெட்டுக்குத்தான் ஒப்பிட்டார். தீராமல் மிஞ்சிய ஏ சீட்டுகள் அமெரிக்க வீடுகளின் மேசை இழுப்பறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

ஆக, காசு அன்றும் இருந்தது. ஆனால் வரிசை ஒன்றாக இருந்தது. வங்கி மேலாளரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே கயிற்றுக்குப் பின்னால், ஒரே வெயிலில், தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். முக்கியப் பிரமுகர்களுக்கு எப்போதும் பின்வாசல் இருந்திருக்கும்தான். மற்ற எல்லோருக்கும் காத்திருப்பு ஒன்றே. 1982-ல் சீட்டுப் புத்தகங்களும் போய், ஒருமுறை பணம் கட்டி உள்ளே வந்தால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற நிலை வந்தது. பெரும்பாலான அமெரிக்கர்கள் ஏக்கத்தோடு நினைவுகூரும் டிஸ்னி அதுதான். வாசலைத் தாண்டிவிட்டால் பர்ஸையும் கைக்கடிகாரத்தையும் மறந்துவிடக்கூடிய ஓர் இடம்.

இன்று அந்த மறதிதான் தொலைந்துவிட்டது. உற்சாகம் வடிவதற்கு விலை ஒரு காரணம். ஆனால் விலையைவிட ஆழமான காரணம் இது என்றே சொல்ல வேண்டும்.

காத்திருப்பு விலைக்கு வந்த கதை

ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. வால்ட் டிஸ்னி அதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களை அமைத்து, யாருக்கும் தெரியாமல் அவர் வாங்கிக் குவித்திருந்த நிலம் 27,000 ஏக்கருக்கு மேல். அதில் முதலில் வந்தது மேஜிக் கிங்டம். பிறகு 1982-ல் எப்காட், 1989-ல் சினிமா ஸ்டூடியோப் பூங்கா, 1998-ல் அனிமல் கிங்டம். நான்கு பூங்காக்கள், இரண்டு நீர்ப்பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள் என்று அது ஒரு தனி நகரமாகவே வளர்ந்தது. ஒரு நாளில் பார்த்துத் திரும்பும் இடம் என்பது போய், ஒரு வாரம் தங்கும் இடமாயிற்று. சிக்கலின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரியின் வாசலில் ஒரு இயந்திரம். நுழைவுச் சீட்டை அதில் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் குறித்த நேரத்துக்கு வந்தால் நீண்ட வரிசையைத் தாண்டி உள்ளே போகலாம். எல்லோருக்கும் இலவசம். நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றியது. ஆனால் எளிய கணக்கு ஒன்றை யாரும் மாற்ற முடியாது. ஒரு சவாரியில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும். அதில் பெரும்பங்கை நேரம் குறித்து வருபவர்களுக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசையில் நிற்பவர்கள் நகரவே மாட்டார்கள். ஒருவர் மிச்சம் பிடிக்கும் நேரம் இன்னொருவரின் காலில் இறங்குகிறது. டிஃபங்க்ட்லேண்ட் என்ற யூட்யூப் சேனலை நடத்தும் கெவின் பெர்ஜூரர் 2021-ல் ஃபாஸ்ட்பாஸின் வரலாற்றை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆவணப்படமாக எடுத்தார். ஒரு கற்பனைப் பூங்காவைக் கணினியில் உருவாக்கி, அதில் ஆட்களை உலவவிட்டு இந்தக் கணக்கைக் காட்டியிருந்தார். முறை தெரிந்தவர்கள் வென்றார்கள். தெரியாதவர்கள் நின்றார்கள்.

பிறகு 2014-ல் ஃபாஸ்ட்பாஸ் கைப்பட்டைக்கும் செல்போனுக்கும் மாறியது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் 60 நாள் முன்பாகவே சவாரிகளைப் பதிவு செய்யலாம் என்றார்கள். நல்ல உணவகத்தில் மேசை வேண்டுமென்றால் அப்போது 180 நாள் முன்னதாக! ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தன் நான்கு வயதுக் குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும் என்பதை ஒரு தாய் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கொரோனாவில் பூங்காக்கள் மூடித் திறந்தபோது இலவச ஃபாஸ்ட்பாஸ் திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்தது. ஒரு நாளைக்குத் தலைக்கு 15 டாலர். 2024 ஜூலையில் அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று புதுப்பெயர். கூட்டமான நாட்களில் தலைக்கு 35 டாலரைத் தாண்டுகிறது. மிகப் பிரபலமான சில சவாரிகள் அதில் அடங்காது. அவற்றுக்குத் தனித்தனியாக சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் பிரீமியர் பாஸ் அறிமுகமானது. எந்த நேரத்தையும் பதிவு செய்ய வேண்டாம், நேராக நடந்துபோய் ஏறலாம். விலை பூங்காவையும் நாளையும் பொறுத்துத் தலைக்கு 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. நுழைவுச் சீட்டு இதில் சேராது.

கூட்டிப் பார்ப்போம். 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டமில் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 199 டாலர். இந்திய மதிப்பில் 17,000 ரூபாய்க்கு மேல். நாலு பேர் கொண்ட குடும்பம் வாசலைத் தாண்டவே 796 டாலர் ஆகிவிடுகிறது. இனிமேல்தான் மல்டி பாஸ், சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு, பொம்மை எல்லாம். பல நாள் சீட்டு வாங்கினால் ஒரு நாளுக்கான விலை குறையும். கூட்டமில்லாத நாட்களில் இதைவிடக் குறைந்த விலைக்குச் சீட்டு கிடைக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த மலிவான நாட்கள் கைக்கு எட்டுவதே அபூர்வம்.

முன்பு விடுதி வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்த சின்னச் சின்ன உபசாரங்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஏற்றிவந்த பேருந்து 2022 தொடக்கத்தில் நின்றது. இலவசக் கைப்பட்டை அதற்கு முந்தைய ஆண்டே நின்றுவிட்டது. தனியாகப் பார்த்தால் இவை சில டாலர் விஷயங்கள். ஆனால் விமானத்தைவிட்டு இறங்கிய நொடியிலிருந்து ‘இனி எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று தோன்றியதே, அந்த நிம்மதியை உண்டாக்கியவை இவைதான்.

இந்தியர்களுக்கு இரண்டு வரிசை புதிதல்ல. திருப்பதியில் தர்ம தரிசனமும் உண்டு, 300 ரூபாய் சிறப்பு நுழைவும் உண்டு. சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போய்வந்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் தெரிந்திருக்கும். வொண்டர்லா பூங்காக்களிலும் வேகச் சீட்டு விற்கிறார்கள். ஆனால் ஆர்லாண்டோவில் நடந்திருப்பது இரண்டு வரிசையோடு நிற்கவில்லை. அங்கே ஒரு நாள் முழுவதையும் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலையும் ஒரு நேரமும் ஒட்டியிருக்கிறார்கள்.

அதன் விளைவைப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மேஜிக் கிங்டமின் மையத்தில், சிண்ட்ரெல்லா கோட்டைக்கு எதிரே, ஒரு பத்து நிமிடம் நின்றால் போதும். கோட்டையின் நீலக் கூரைகளுக்குப் பின்னால் ஃப்ளோரிடாவின் பிற்பகல் மேகங்கள் திரண்டு நிற்கின்றன. குழந்தைகள் அதைப் பார்க்கிறார்கள். அப்பா அம்மாக்கள் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். ஒரு சவாரியில் ஏறியதும் அடுத்ததற்கு இடம் தேட வேண்டும். மதியச் சாப்பாட்டைப் போனிலேயே சொல்லி வைக்க வேண்டும். இடி இடித்தால் திறந்தவெளிச் சவாரிகள் நின்றுவிடும். உடனே திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும். மதியத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். அதனால் மின்னூட்டிக் கட்டைகளைத் தரும் இயந்திரங்களும் பூங்காவிலேயே நிற்கின்றன. அலுவலகத்தில் ஆண்டு முழுக்கத் திரையைப் பார்த்துத் தேய்ந்த கண்கள், அதை மறக்க வந்த இடத்திலும் திரையைத்தான் பார்க்கின்றன.

கடன் வாங்கியாவது

டிஸ்னி பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பதற்கென்றே அமெரிக்காவில் முகவர்கள் இருக்கிறார்கள். 1985-ல் பாப் செலிங்கர் தொடங்கிய ‘அதிகாரபூர்வமற்ற வழிகாட்டி’ இன்றும் பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது. எந்தச் சவாரிக்கு முதலில் ஓடுவது, எப்போது சாப்பிடுவது என்று கணினி நிரல் எழுதி வரிசைப்படுத்தித் தரும் டூரிங் பிளான்ஸ் என்ற நிறுவனமும் இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் எந்த வழியில் போனால் தூரம் குறையும் என்ற பழைய கணிதப் புதிரைத்தான் அது ராட்டினங்களுக்குப் போட்டுப் பார்க்கிறது. மகிழ்ச்சியாக ஒரு நாள் கழிக்கக் கணிதம் துணைக்கு வர வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

கடன் விவகாரம் இன்னும் வேதனையானது. லெண்டிங்ட்ரீ நிறுவனம் 2024-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், டிஸ்னி பூங்காவுக்குப் போனவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய பெற்றோரில் இது 45 சதவீதம். அவர்களை ஊதாரிகள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பிள்ளையின் பள்ளித் தோழர்கள் எல்லோரும் போய்வந்திருக்கும்போது, ‘நம்மால் முடியாது’ என்று ஐந்து வயது முகத்தைப் பார்த்துச் சொல்வது எந்த ஊர்ப் பெற்றோருக்கும் கஷ்டம்தான். தீபாவளிக்குக் கடன் வாங்கிப் புதுத்துணி எடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும்.

கூட்டம் வற்றிவிட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2024-ல் மேஜிக் கிங்டமுக்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 78 லட்சம் பேர் வந்ததாகப் பூங்காத் துறையின் மதிப்பீடு. அதே நிதியாண்டில் டிஸ்னியின் பூங்கா, கப்பல் பிரிவு சுமார் 930 கோடி டாலர் செயல்பாட்டு லாபம் ஈட்டியது. நிறுவனம் முழுவதன் லாபத்தில் பாதிக்கு மேல். சினிமாவும் தொலைக்காட்சியும் தடுமாறும்போதெல்லாம் பூங்காக்கள்தான் முட்டுக்கொடுத்திருக்கின்றன. விலையை ஏற்றுவதே கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழி என்ற வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எல்லோரையும் உள்ளே விட்டால் யாருக்கும் நகர இடமிருக்காது.

ஆனால் யாரெல்லாம் வருகிறார்கள் என்பது மாறிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் டேனியல் கரெல் எழுதிய நீண்ட கட்டுரை, நடுத்தர வர்க்கத்தின் பொதுச் சொத்துபோல இருந்த டிஸ்னி எப்படி மேல்தட்டை நோக்கி நகர்ந்துவிட்டது என்பதைப் பேசி நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பியது. விலை விஷயத்தில் வரம்பு மீறிவிட்டோமோ என்ற கவலை நிறுவனத்துக்குள்ளும் இருந்திருக்கிறது. 2022 நவம்பரில் மீண்டும் தலைமைப் பொறுப்புக்கு வந்த பாப் ஐகர், லாபத்தைக் கூட்டும் ஆர்வத்தில் சில விலைகளைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றிவிட்டோம் என்று 2023 மார்ச்சில் முதலீட்டாளர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அதன்பிறகும் விலைகள் ஏறத்தான் செய்தன.

மக்களின் பொறுமைக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, ஸ்டார் வார்ஸ் கேலக்டிக் ஸ்டார்குரூஸர். 2022 மார்ச் 1 அன்று திறந்த, 100 அறைகள் கொண்ட ‘விண்வெளி’ விடுதி. இரண்டு இரவு தங்க இருவருக்கு ஏறத்தாழ 4,800 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 6,000 டாலர் வரை. விருந்தினரும் கதையில் ஒரு பாத்திரமாக வேண்டும். அதற்கும் செல்போனில் உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும். 2023 செப்டம்பர் இறுதியில் மூடிவிட்டார்கள். நடித்தவர்களும் வடிவமைத்தவர்களும் உயிரைக் கொடுத்து உழைத்த படைப்பு அது என்பதில் போய்வந்தவர்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜென்னி நிக்கல்சன் என்ற யூட்யூப் படைப்பாளி, அங்கே தன் காசில் தங்கிய அனுபவத்தை 2024 மே மாதம் நான்கு மணி நேரம் பேசி வெளியிட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தது ஒரு விடுதியின் கதைக்காக மட்டும் இருக்காது. தங்கள் மனதில் குமைந்துகொண்டிருந்ததை ஒருவர் பொறுமையாக எடுத்துவைத்தார் என்பதற்காகவும்தான்.

இரண்டாவது, சிக்ஸ் ஃப்ளாக்ஸ். டிஸ்னியைப்போல வாரக்கணக்கில் தங்கும் இடமல்ல. பெருநகரங்களுக்குப் பக்கத்தில், இளைஞர்கள் ஆண்டுச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு நினைத்தபோது போய்வரும் பூங்காக்கள். 2022-ல் அதன் புதிய தலைவர் செலிம் பசூல், குறைவான கூட்டம், கூடுதல் விலை என்ற கொள்கையைப் பிடித்தார். முந்தைய ஆண்டு 2 கோடியே 77 லட்சமாக இருந்த வருகை, ஒரே ஆண்டில் 2 கோடியே 5 லட்சமாகச் சரிந்தது. 2024 ஜூலையில் சிடார் ஃபேர் நிறுவனத்தோடு இணைப்பு. மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அமெரிக்கா பூங்கா 2025 நவம்பர் 2 அன்று கடைசியாகக் கதவைச் சாத்தியது.

உட்கார இடம் தந்த தீவு

விலையையும் செயலியையும் பற்றிய புகார்களுக்கு நடுவே, 2025 கோடையில் பழைய ரசிகர்களை உண்மையாகவே கலங்கவைத்தது வேறொரு செய்தி. மேஜிக் கிங்டமில் தொடக்கம் முதலே ஒரு செயற்கை ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதில் சக்கரம் சுழலும் பழங்கால நீராவிப் படகு. நடுவில் டாம் சாயர் தீவு. அங்கே பெரிய சவாரி எதுவும் கிடையாது. பிள்ளைகள் குகைக்குள்ளும் மரப்பாலத்திலும் ஓடி விளையாடலாம். பெரியவர்கள் சாய்ந்தாடும் நாற்காலியில் அமர்ந்து ஆற்றைப் பார்க்கலாம். முன்பதிவு வேண்டாம். நேரக் கணக்கு இல்லை. நாள் முழுக்க ஓடிக் களைத்த குடும்பங்கள் மூச்சுவிடப் போன இடம் அது. 2025 ஜூலை தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். அங்கே ‘கார்ஸ்’ படத்தை ஒட்டிய புதிய சவாரிகள் வரப்போகின்றன.

வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஒன்றையும் விற்காத நிலம் அது. ஆனால் கிரிஃபித் பார்க் பெஞ்சுக்கு அந்தப் பூங்காவில் மிச்சமிருந்த நெருங்கிய உறவு அந்தத் தீவுதான். அதை எடுத்தது ஓர் இழப்பு என்பதை மறைக்க எந்தப் புதிய சவாரியாலும் முடியாது.

இது பூங்காத் தொழிலின் தலைவிதி என்று யாராவது சொன்னால், ஜப்பானைக் காட்டலாம். 1983 முதல் இயங்கும் டோக்கியோ டிஸ்னிலேண்டை ஓரியண்டல் லேண்ட் என்ற உள்ளூர் நிறுவனம் நடத்துகிறது. 2023-ல் விலையை ஏற்றியபிறகும் பெரியவர்களுக்கான ஒரு நாள் சீட்டின் உச்ச விலை 10,900 யென். ஏறத்தாழ 70 டாலர். அங்கேயும் கட்டண விரைவு வரிசை 2022-ல் நுழைந்துவிட்டது என்பது உண்மை. ஆனாலும் அதே கோட்டை, அதே பொம்மைகள், ஃப்ளோரிடாவின் உச்ச விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சலித்தவர்கள் எங்கே போகிறார்கள்? ஒரே திசையில் அல்ல. அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கு 2024-ல் 33 கோடியே 19 லட்சம் வருகைகள் பதிவாயின. இதுவரை இல்லாத உச்சம். இந்தியானா மாநிலத்தில் சாண்டா கிளாஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1946 முதல் இருக்கும் ஹாலிடே வேர்ல்ட் பூங்காவில் வாகன நிறுத்தம் இலவசம், வெயிலுக்குப் பூசும் களிம்பு இலவசம், 2000-லிருந்து நாள் முழுக்கக் குளிர்பானமும் இலவசம். டிஸ்னியே புதுப்புதுக் கப்பல்களை இறக்கிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை பணம் கட்டி ஏறினால் சாப்பாடும் கேளிக்கையும் அதற்குள்ளேயே அடங்கிவிடும் கப்பல் பயணத்துக்கு வரவேற்பு இருப்பதில் ஆச்சரியமில்லை. பூங்காவில் தொலைத்த நிம்மதியை மக்கள் கடலில் தேடுகிறார்கள்.

பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க் என்ற சிற்றூரில், மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில், கனோபல்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. 1926 ஜூலை 4 அன்று நீச்சல் குளமும் சாப்பாட்டுக் கடையுமாகத் தொடங்கிய இடம். 2026-ல் நூறு ஆண்டு. இன்றும் அதைத் தொடங்கிய குடும்பத்தின் கையில். அதன் ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டர் டெக்ஸாஸில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து பிரித்து எடுத்துவந்து 1985-ல் மறுபடி நிறுத்தப்பட்டது. உலகின் மிகச் சிறந்த மர ரோலர் கோஸ்டர்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள்.

அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தவும் காசு இல்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் சீட்டுக் கிழித்தால் போதும். ஏறாதவர்களுக்குச் செலவே இல்லை. 1913-ல் செய்த பெரிய குதிரை ராட்டினம் இசையோடு சுற்றுகிறது. வெளிவரிசைக் குதிரையில் இருக்கும் பிள்ளைகள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை எட்டி நீட்டி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலிலிருந்து வளையத்தை உருவுகிறார்கள். பெரும்பாலும் வருவது இரும்பு வளையம். எப்போதாவது ஒருமுறை பித்தளை வளையம் வரும். அது கையில் சிக்கியவருக்கு அடுத்த சுற்று இலவசம். சுற்றிலும் பெஞ்சுகள். அவற்றில் சீட்டு எதுவும் வாங்காத தாத்தா பாட்டிகள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் பேரப்பிள்ளை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.